அட்டை ஓவியம் கையில் இருக்கிறது. அச்சுக்கும் அறிமுகத்துக்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதல்படி (கேள்வி)

வணக்கம். எங்களுடையது சிறு பதிப்பகம். அடுத்து வரவிருப்பது கடல் வணிகப் பின்னணியில் ஒரு வரலாற்று நாவல். அளவு 140 × 216 மிமீ. இப்போதைக்கு 224 பக்கம், ஆனால் மெய்ப்பு இன்னும் முடியவில்லை. பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது), 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) ஆர்ட் போர்டில் மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத படலம்).

அட்டைக்கு ஓவியர் ஒருவர் அக்ரிலிக்கில் வரைந்து கொடுத்திருக்கிறார். துறைமுகம், மூன்று பாய்மரக் கப்பல்கள், முன்னால் இரண்டு பேர், அவர்கள் கையில் ஒரு விளக்கு. படம் மிக நன்றாக வந்திருக்கிறது. ஆனால் தலைப்பை (மூன்று சொற்கள், 14 எழுத்துகள்) அதன் மேல் வைத்தவுடன் சிக்கல் தொடங்கிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்:

1. இணையக் கடையில் வரும் சிறு படத்தில் தலைப்பு படிக்கவே முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஓவியம் மறைகிறது.
2. முதுகின் அகலம் 10 மிமீ என்கிறார் ஒருவர், 16 என்கிறார் இன்னொருவர். எதை நம்பி ரேப்பர் (முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே தாள்) போடுவது?
3. திரையில் பளிச்சென்று இருக்கும் கடல்நீலம் அச்சு மாதிரியில் மங்கி, ஊதா சாயலில் வருகிறது.
4. அட்டையை எப்போது வெளியிடுவது? இரண்டு வடிவங்களைப் போட்டு வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாமா? அட்டைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பகிர்வதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

---

கோடும் வெளியும்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை அச்சுத்துறை நண்பர்கள் சொல்வார்கள்.

ஓவியம் நன்றாக இருப்பது வேறு, அட்டை நன்றாக இருப்பது வேறு. சுவரில் மாட்டிய படத்தின் முன்னால் ஆள் நின்று பார்ப்பார். இணையக் கடையில் உங்கள் நூல் சுமார் 160 பிக்சல் உயரத்தில், வேறு பல அட்டைகளுக்கு நடுவே, விரல் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் கண்ணில் பட்டு மறையும். அந்த நேரத்துக்குள் அட்டை ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும்: இது எந்த வகை நூல் என்பதை. கதை என்ன என்று சொல்வது பின்னட்டையின் வேலை. உங்கள் ஓவியத்தில் துறைமுகம், கப்பல்கள், ஆட்கள், விளக்கு என எல்லாம் சேர்ந்து கதையைச் சொல்லப் பார்க்கின்றன. தலைப்புக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். எழுத்தின் அளவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

ஓவியத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதிலிருந்து ஒரு கப்பலை மட்டும், முடிந்தால் அதன் பாயை மட்டும், வெட்டி எடுத்துப் பெரிதாக்குங்கள். பாய் கீழே மூன்றில் இரண்டு பங்கை நிரப்பட்டும். மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாக இருந்தால் தலைப்பு அங்கே தாராளமாக உட்காரும். மனிதர்களும் விளக்கும் பின்னட்டைக்கும் விளம்பரப் படங்களுக்கும் போகட்டும்.

பெரிதாக்கும்போது பிக்சல் கணக்கைப் பாருங்கள். வெட்டு ஓரம் (வெட்டும்போது போவதற்காகக் கூடுதலாக விடும் 3 மிமீ) சேர்த்து முன்னட்டைக்கு 146 × 222 மிமீ வேண்டும். 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) தரத்தில் அது ஏறக்குறைய 1725 × 2622 பிக்சல். வெட்டி எடுத்த பகுதி மட்டுமே இந்த அளவுக்கு வர வேண்டும், முழு ஓவியம் அல்ல. ஓவியத்தின் நான்கில் ஒரு பகுதியை எடுக்கிறீர்கள் என்றால் மூலப்படம் இரு பக்கமும் இதைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் இதற்கு ஆகாது. ஓரங்கள் வளையும், அக்ரிலிக்கின் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாக விழும். ஸ்கேன் செய்யுங்கள். பெரிய படமாக இருந்தால் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்கு வைத்துக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. பல அட்டைகள் கெடுவது இங்கேதான், இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சிறு படத்தில் தமிழ் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. புள்ளியின் விட்டம் இரண்டு பிக்சலுக்குக் கீழே போனால் 'ன்' என்பது 'ன' ஆகிவிடும், தலைப்பே மாறிவிடும். அதனால் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தின் தடிமனை மட்டும் பார்க்காமல் புள்ளி எவ்வளவு பெரியது, எழுத்தின் தலையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்றும் பாருங்கள். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருளிலேயே செயற்கையாகத் தடிமன் ஏற்றினால் ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும். தடித்த வடிவம் தனியாக உள்ள எழுத்துருவையே வாங்குங்கள்.

எழுத்திடை வெளியைக் கூட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைப் பரப்பி வைப்பது அழகாக இருக்கும். தமிழில் அப்படிச் செய்தால் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித் தீவுகளாகப் பிரிந்து நிற்கும். சில எழுத்துருக்களில் 'ி' விசிறியும் மெய்யிலிருந்து பிய்ந்துவிடும். வெளி வேண்டுமென்றால் சொற்களுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் கொடுங்கள். வரியிடைவெளியில் இன்னொரு கவனம்: மேல்வரியில் மூ, ரு, ழு போன்றவற்றின் வால் கீழே இறங்கும் இடத்தில், கீழ்வரியில் புள்ளியோ 'ீ' சுழியோ வந்தால் இரண்டும் முட்டும். எண் போட்டு வரியிடைவெளியை அமைத்தால் இது தெரியாது. கண்ணால் பார்த்து ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நகர்த்துங்கள்.

மூன்று சொல் தலைப்பை மூன்று வரியாகப் பிரிப்பது எளிது, ஆனால் பொருள் எங்கே பிரிகிறதோ அங்கே வரியும் பிரியட்டும். இடம் போதாமல் ஒரு சொல்லை நடுவில் உடைத்தே ஆக வேண்டுமென்றால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது.

யூனிகோட் எழுத்துரு போட்டும் கொம்பு இடம்மாறி வந்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம், மென்பொருள் அமைப்பைப் பாருங்கள். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பிரிவுக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களை முதலில் காட்டச் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மூன்று சோதனை. அட்டையை 160 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தலைப்பு பின்னணியோடு கலந்துவிட்டால் நிற வேறுபாடு இருக்கிறது, ஒளி வேறுபாடு இல்லை என்று பொருள். கடைசியாக, அசல் அளவில் அச்செடுத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று படியுங்கள்.

---

பதினாறு பக்கம்

முதுகைப் பற்றி: இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். அவர்கள் வேறு வேறு தாளை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள்.

பக்க எண்ணிக்கையும் ஜிஎஸ்எம்மும் மட்டும் தெரிந்தால் முதுகைக் கணக்கிட முடியாது. தாளின் பருமன் எண், அதாவது பல்க், தெரிய வேண்டும். ஜிஎஸ்எம்மைப் பல்க்கால் பெருக்கினால் ஒரு தாளின் தடிமன் மைக்ரானில் கிடைக்கும். 224 பக்கம் என்றால் 112 தாள்.

70 ஜிஎஸ்எம், பல்க் 1.3: ஒரு தாள் 91 மைக்ரான், 112 தாளுக்கு 10.2 மிமீ.
80 ஜிஎஸ்எம், பல்க் 1.25: ஒரு தாள் 100 மைக்ரான், 11.2 மிமீ.
80 ஜிஎஸ்எம் பல்க்கி தாள், பல்க் 1.8: ஒரு தாள் 144 மைக்ரான், 16.1 மிமீ.

இதோடு இரண்டு அட்டைக்கும் சேர்த்து 0.7 மிமீ கூட்டிக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் போர்டு ஏறக்குறைய 0.35 மிமீ இருக்கும். ஆக, ஒரே நூல் தாளைப் பொறுத்து 11 மிமீயாகவும் ஆகலாம், 17 மிமீயாகவும் ஆகலாம். தாளை முடிவு செய்யாமல் ரேப்பர் போடாதீர்கள். மெய்ப்பு முடியாமலும் போடாதீர்கள். 224 என்பது பதினாறு பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கங்களின் தொகுதி) பதினான்கு. மெய்ப்பில் நான்கு பக்கம் கூடினால் 228-இல் நிற்காது; அரை ஃபாரம் சேர்த்து 232 ஆகும், இல்லையென்றால் 240. முதுகும் கூடவே நகரும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதே தாளில் அதே பக்க எண்ணிக்கையில் அச்சில்லாத டம்மி ஒன்றை பைண்டரிடம் கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள். தாள் ஆலை சொல்லும் தடிமனில் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும், பசையும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும்.

பைண்டிங்கில் அட்டை ஒன்றிரண்டு மிமீ நகர்வது இயல்பு. முன்னட்டை நீலம், முதுகு கறுப்பு என்று நிறம் சரியாக மடிப்பில் மாறும்படி வடிவமைத்தால் பாதிப் பிரதிகளில் கறுப்புக் கோடு முன்னட்டைக்கு வந்து நிற்கும். முதுகின் நிறம் முன்னட்டையிலிருந்தே தொடர்ந்து வரட்டும். முதுகு எழுத்துக்கு இரு ஓரத்திலும் குறைந்தது 1.5 மிமீ விடுங்கள். முதுகு 6 மிமீக்குக் கீழே இருந்தால் எழுத்தே வேண்டாம் என்பது என் கருத்து. முதுகு எழுத்து மேலிருந்து கீழாக ஓடட்டும். நூலை முன்னட்டை மேலே தெரியும்படி மேசையில் வைத்தால் அப்போதுதான் நேராகப் படிக்கலாம்.

நீலத்துக்கு வருவோம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. பளிச்சென்ற நீலமும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு நிற மையின் எல்லைக்கு வெளியே இருப்பவை. எந்த அச்சகத்தாலும் அவற்றை அப்படியே கொண்டுவர முடியாது. ஊதா சாயலுக்கு வேறு காரணம் உண்டு. நீலத்தில் சயானும் (பச்சை கலந்த நீல மை) மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு மை) நெருங்கிய அளவில் இருந்தால் அச்சில் ஊதாவாகத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 30 விழுக்காடு இடைவெளி வையுங்கள். ஆழ்கடல் நீலத்துக்குச் சயான் 100, மெஜந்தா 60, கறுப்பு 20 என்ற அளவில் தொடங்கிப் பாருங்கள்.

வேலையைத் தொடங்கும்போதே அச்சகத்திடம் எந்த நிற சுயவிவரம் (அந்த மையும் தாளும் தரும் நிறங்களை விவரிக்கும் கோப்பு) என்று கேட்டு (ஆர்ட் போர்டுக்குப் பலர் ஃபோக்ரா 39 வைத்திருப்பார்கள்) அதைத் திரையில் முன்னோட்டமாகப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கடைசி நாளில் ஆர்ஜிபியிலிருந்து (திரையின் நிறமுறை) சிஎம்ஒய்கேவுக்கு (நான்கு மையின் நிறமுறை) மாற்றினால் வருவது ஏமாற்றம்தான். நான்கு மைகளின் கூட்டுத்தொகை எந்த இடத்திலும் 300 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரவு வானம், நிழல் நிறைந்த ஓவியங்களில் இது எளிதாக 340, 350 வரை போய்விடும். மை காயாது. காயாத மையின் மேல் லேமினேஷன் ஏறினால் வெள்ளி பூத்ததுபோல் நுண்ணிய குமிழ்கள் தோன்றும், ஓரத்தில் படலம் உரிந்து வரும். அச்சுக்கும் லேமினேஷனுக்கும் இடையில் ஒரு முழு நாள் இடைவெளி கேளுங்கள்.

மேட் படலம் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், நிறங்கள் தணியும். லேமினேஷன் இல்லாத மாதிரியைப் பார்த்து நிறத்துக்கு ஒப்புதல் தராதீர்கள். உங்கள் அட்டை கரும் நீலம் என்பதால் கீறல் தாங்கும் மேட் படலமா என்றும் விசாரியுங்கள். சாதாரண மேட்டில் நூல்கள் ஒன்றோடொன்று உரசிய தடம் பெட்டியைப் பிரிக்கும்போதே தெரியும்.

அட்டை வாய் திறந்துகொண்டு நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. போர்டின் இழைத்திசை முதுகுக்கு இணையாக இல்லாமல் இருக்கலாம். அல்லது ஒரு பக்கம் மட்டும் படலம் இருப்பதால் படலம் இல்லாத உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, அட்டை வெளிப்பக்கமாக வளையலாம். முதலாவது அச்சகத்தின் கவனத்தில் தீரும். இரண்டாவதற்கு ஈரக்காற்றை விடும் நைலான் வகைப் படலம் உண்டு.

---

வாசல்படி

நான்காவது கேள்வி என் துறை. 'கோடும் வெளியும்' சொன்ன ஒரே உருவம் என்ற யோசனை வடிவமைப்புக்கு மட்டுமல்ல, விளம்பரத்துக்கும் நல்லது. உங்கள் விளம்பரம் முழுவதும் அந்தப் பாயின் மேல்தான் நிற்க வேண்டும். அட்டை, இணைப்புப் படம், புத்தகக்குறி, அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அதே உருவம், அதே இரண்டு நிறம், அதே எழுத்துரு. ஒவ்வொரு பதிவுக்கும் புதுப் புது வடிவமைப்பு செய்தால் பார்ப்பவர் மனத்தில் எதுவும் தங்காது.

பென்குயின் பதிப்பகம் 1935-இல் தொடங்கியபோது நாவலுக்கு ஆரஞ்சு, குற்றக் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று நிறத்தால் பிரித்தார்கள். படமே இல்லை. 1947-இல் அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் வந்து எழுத்திடைவெளி, ஓரம், சின்னத்தின் வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி அந்த ஒழுங்கை இன்னும் இறுக்கினார். சிறு பதிப்பகம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: முதுகில் உங்கள் சின்னம் எங்கே, ஆசிரியர் பெயர் எந்த அளவு என்பதை முதல் நூலிலேயே முடிவு செய்து மாற்றாமல் வையுங்கள். ஐந்தாவது நூல் வரும்போது அலமாரியே உங்களுக்காகப் பேசும்.

எப்போது வெளியிடுவது? முன்பதிவுப் பக்கம் திறந்த அன்று, அதற்கு முன்னால் வேண்டாம். அட்டையைப் பார்த்து ஆசைப்படுபவருக்கு அந்த நிமிடமே செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். 'விரைவில்' என்று போட்டுவிட்டு ஆறு வாரம் கழித்து இணைப்பைத் தந்தால் முதல் ஆர்வம் முழுவதும் வீண். நூல் வெளிவருவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன்னால் விமர்சகர்களுக்கு முன்பிரதி போய்விட வேண்டும். மெய்ப்பு முடிந்த பிடிஎஃப் போதும், ஆனால் அதில் அட்டையும் இருக்கட்டும். அவர்கள் எழுதும்போது பயன்படுத்தப்போவது அந்தப் படத்தைத்தான்.

வாக்கெடுப்பைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். 'எது பிடித்திருக்கிறது' என்று பொதுவெளியில் கேட்பது விளம்பரம். சோதனை என்று அதை நம்பி அட்டையை முடிவு செய்யாதீர்கள். வாக்களிப்பவர்கள் உங்கள் நண்பர்கள். அழகான படத்துக்குத்தான் கை தூக்குவார்கள். உண்மையில் சோதிக்க வேண்டுமென்றால் வரலாற்று நாவல் வாசிக்கும் பதினைந்து, இருபது பேரைத் தேடுங்கள். உங்களைத் தெரியாதவர்களாக இருந்தால் நல்லது. ஆளுக்கு ஒரே ஒரு அட்டையை மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, 'இது என்ன மாதிரி நூல்? தலைப்பு என்ன?' என்று கேளுங்கள். பாதிப் பேர் பயண நூல் என்றோ சிறுவர் கதை என்றோ சொன்னால் அட்டை தவறான ஆளைக் கூப்பிடுகிறது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு வேறுபாடுதான் இருக்க வேண்டும். படம், எழுத்துரு, நிறம் மூன்றையும் மாற்றிவிட்டுப் பார்த்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அட்டையை அப்படியே பகிர்வதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அட்டை நெட்டுவாக்கில் இருக்கிறது. செய்திச் செயலிகளில் உங்கள் நூல் பக்கத்தின் இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்டப் படம் படுக்கைவாக்கில், 1200 × 630 பிக்சல். அதற்கென்று தனிப்படம் வைக்காவிட்டால் செயலி அட்டையின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டும். மேலே இருக்கும் தலைப்பும் கீழே இருக்கும் ஆசிரியர் பெயரும் போய்விடும். இடப்பக்கம் முழு அட்டை, வலப்பக்கம் நாவலிலிருந்து ஒரே ஒரு வரி, பின்னணியில் அட்டையின் நீலம் என்று ஒரு படம் செய்து பக்கத்தில் இணையுங்கள். இதைச் செய்யாத பதிப்பகங்கள்தான் அதிகம். வாசகர் ஒவ்வொரு முறை இணைப்பைப் பகிரும்போதும் அந்தப் படம் உங்களுக்காக வேலை செய்யும்.

மற்ற அளவுகள்: பதிவுக்கு 1080 × 1350, நிலைத்தகவலுக்கு 1080 × 1920. பின்னதில் மேலும் கீழும் 250 பிக்சல் வரை எழுத்து வைக்காதீர்கள், செயலியின் பொத்தான்கள் மறைக்கும். கிண்டில் மின்னூல் அட்டைக்கு 1600 × 2560, ஆர்ஜிபியில். பின்னால் ஒலிநூல் வந்தால் 2400 × 2400 சதுரம் கேட்பார்கள். சதுரத்துக்கு நெட்டு அட்டையை வெட்டக் கூடாது, மறுபடி அடுக்க வேண்டும். அதனால் வானம், பாய், தலைப்பு எல்லாம் தனித்தனி அடுக்காக உள்ள மூலக்கோப்பை வடிவமைப்பாளரிடமிருந்து இப்போதே வாங்கி வையுங்கள்.

ஓவியரோடு எழுத்தில் என்ன ஒப்பந்தம்? அச்சு நூலின் முன்னட்டைக்கு மட்டும் என்று இருந்தால் சுவரொட்டி, புத்தகக்குறி, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்புப் பதிப்பு எதற்கும் உங்களுக்கு உரிமை இல்லை. ஓவியத்தை வெட்டிப் பயன்படுத்தவும் அவர் ஒப்புதல் வேண்டும். முன்னட்டையில் ஒரு பாய் மட்டும் வரப்போகிறது என்பதை அச்சுக்கு முன்னால் அவரே பார்த்துச் சம்மதிக்கட்டும். எழுத்துருவுக்கும் இதே கேள்வி: 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்' என்று இருப்பதை விற்பனை நூலில் பயன்படுத்தக் கூடாது.

பின்னட்டைக் குறிப்பு எண்பதிலிருந்து நூறு சொல் போதும். முதல் வாக்கியத்திலேயே யார், எந்தச் சிக்கலில் என்று வந்துவிட வேண்டும். ஆசிரியரின் விருதுப் பட்டியல் நூலின் உட்பக்கத்துக்குப் போகட்டும். இதே குறிப்பைத்தான் கடைகளின் நூல் விவரத்திலும் போடுவீர்கள். அங்கே முதல் இரண்டு வரிக்குப் பிறகு 'மேலும் படிக்க' என்று மடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

---

முதல்படி

மூவருக்கும் மிக்க நன்றி. ஓவியரிடம் பேசினோம், ஒரு பாயை மட்டும் எடுப்பதற்குச் சம்மதித்துவிட்டார். வேண்டுமானால் வானத்தை இன்னும் உயர்த்தி வரைந்து தருவதாகவும் சொல்கிறார். மெய்ப்பு முடிந்து 232 பக்கம் என்று உறுதியாகிவிட்டது. தாள் 80 ஜிஎஸ்எம் பல்க்கி, பல்க் 1.8.

இன்னும் இரண்டு கேள்வி. ஆசிரியர் தலைப்புக்குத் தங்க ஃபாயில் கேட்கிறார், செய்யலாமா? புத்தகக்குறியைத் தனியாக அச்சிடுவது நல்லதா?

---

கோடும் வெளியும்

செய்யலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஃபாயில் என்பது சூடான அச்சுக்கட்டை அழுத்தி ஒட்டும் படலம். 0.3 மிமீக்கு மெல்லிய கோடு சரியாக ஒட்டாது. சுழியின் உள்வெளி குறுகலாக இருந்தால் படலம் அதையும் சேர்த்து மூடிவிடும். ண, ஞ, ழ உள்ள தலைப்பென்றால் சுழி அகலமான எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். முதுகின் மடிப்பைத் தாண்டி ஃபாயிலோ ஸ்பாட் யூவியோ (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பூசும் பளபளப்பு) போகக் கூடாது, மடியும் இடத்தில் வெடிக்கும். கோப்பில் ஃபாயிலுக்குத் தனி ஸ்பாட் நிறம் (நான்கு மையில் சேராத தனி நிறம்) உருவாக்கி, 100 விழுக்காடு, ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடுவது) வைத்து, வெக்டராக (பிக்சல் இல்லாத கோட்டு வடிவமாக) கொடுங்கள். கட்டை அரை மிமீ வரை நகரலாம். அதனால் தலைப்புக்குக் கீழே அதே வடிவத்தில் வெள்ளை இடம் விடாதீர்கள். வானம் தொடர்ந்து ஓடட்டும்.

இரண்டாவது, ஃபாயிலைத் திரையில் காட்ட முடியாது. கையில் எடுத்தால் மின்னும் தலைப்பு இணையக் கடைக்குப் போகும் படத்தில் மங்கிய பழுப்பாக வந்து நிற்கும். இணையத்துக்கு என்று தனி அட்டைக் கோப்பு செய்து, தலைப்புக்கு வெளிர் மஞ்சள் போன்ற தட்டையான நிறம் கொடுங்கள். தங்கம் போலத் தோன்ற நிறச் சரிவு போட வேண்டாம், சிறு படத்தில் அது அழுக்காகத் தெரியும். உங்கள் நூல் பெரும்பாலும் இணையத்தில்தான் விற்கும் என்றால் ஃபாயிலை விட்டுவிட்டு அந்தச் செலவைக் கீறல் தாங்கும் படலத்துக்குக் கொடுப்பேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் தலைப்பை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிவிடுங்கள். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். திருத்தக்கூடிய வடிவத்தைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

---

பதினாறு பக்கம்

232 பக்கம், 116 தாள், தாளுக்கு 144 மைக்ரான்: 16.7 மிமீ. அட்டைக்கு 0.7 சேர்த்து முதுகு 17.4. ரேப்பரின் மொத்த அகலம் 3 + 140 + 17.4 + 140 + 3, அதாவது 303.4 மிமீ. உயரம் 222. டம்மியில் அளந்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புத்தகக்குறியைத் தனியாக அச்சிட வேண்டாம். 508 × 762 மிமீ போர்டில் உங்கள் ரேப்பர் நான்கு ஏறும்: 508 பக்கத்தில் 222 இரண்டு, 762 பக்கத்தில் 303.4 இரண்டு. நீளவாக்கில் 155 மிமீ மிஞ்சுகிறது. அந்தப் பட்டையில் 45 × 135 அளவில், வெட்டு ஓரம் 3 மிமீ சேர்த்து, 9 புத்தகக்குறி கிரிப்பர் (அச்சு இயந்திரம் தாளைப் பிடிக்கும் பகுதி) இடம் போக உட்காரும். அதே மை, அதே பிளேட், அதே லேமினேஷன். ஒரு பிரதிக்கு இரண்டு குறி என்று வருகிறது: ஒன்றை நூலுக்குள் வையுங்கள், இன்னொன்றைக் கடைக்காரர்களிடம் கொடுங்கள். இந்த அடுக்கலில் முதுகு 508 பக்கத்துக்கு இணையாக வருகிறது, ஆகவே இழைத்திசையும் அந்தப் பக்கத்துக்கு இணையாக உள்ள போர்டாகக் கேட்டு வாங்க வேண்டும். ஃபாயிலை மட்டும் குறிக்குப் போடாதீர்கள், அதற்குத் தனிக் கட்டை ஆகும்.

பார்கோடைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வேறு வேறு. பின்னட்டையில் அச்சு நூலுடைய எண்தான் வர வேண்டும். ஈஏஎன்-13 பார்கோடின் முழு அளவு, இரு பக்க வெற்றிடம் சேர்த்து 37.29 × 25.93 மிமீ. 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது. இடப்பக்க வெற்றிடம் முழு அளவில் 3.63 மிமீ, வலப்பக்கம் 2.31 மிமீ. அழகுக்காக அதை வெட்டினால் ஸ்கேனர் படிக்காது. கோடுகள் தனிக் கறுப்பு மை மட்டும், வெள்ளைப் பின்னணியில். நான்கு மை கலந்த கறுப்பில் போட்டால் ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) சற்று விலகினாலும் கோடுகளின் ஓரம் தடித்துவிடும். சிவப்புக் கோடு போடவே கூடாது. ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகத்தான் தெரியும். படமாக ஒட்டாமல் வெக்டராக வையுங்கள். அச்சு மாதிரி வந்ததும் லேமினேஷன் ஏறிய தாளின் மேல் ஒரு ஸ்கேனரை வைத்துப் பார்த்து, வரும் 13 இலக்கமும் உரிமைப் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள்.